மேஜைப் போர்க்களம்: பார்த்தியன் நின்று சண்டை போட மாட்டான்

போன இதழில் "உங்கள் படைக்கு நீங்களே விதி எழுதிப் பாருங்கள்" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் வீட்டில் ஏற்கெனவே ஒரு ரூல்ஸ் நோட்டு இருக்கிறது போல. இந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் படிப்பவர்களுக்கு: மேஜையில் சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையைத் தீர்க்கும் போர் விளையாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): அண்ணா, நாங்கள் நாலைந்து நண்பர்கள் 15 மி.மீ. பொம்மைகளை வைத்துப் பழங்காலப் போர் ஆடுகிறோம். விதிகள் நாங்களே எழுதியவை. என் படை பார்த்தியா (ரோமோடு மோதிய பழைய ஈரானியப் பேரரசு). குதிரை வில்லாளிகளுக்கு அம்பு எய்ய +1 (பகடையில் விழும் எண்ணோடு ஒன்று கூட்டுவது), கவசக் குதிரைப்படைக்குப் பாய +1 என்று வைத்திருக்கிறோம். ஆனால் ஆட்டம் தொடங்கி மூன்றாவது டர்னுக்குள் (முறைக்குள்) இரண்டு பக்கமும் நடு மேஜையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ரோமானியப் படையை ஆடுவதற்கும் இதை ஆடுவதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. +2 ஆக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். +2 ஆக்கினால் அதே நடு மேஜையில் முட்டிக்கொண்டு நின்று ஜெயிப்பீர்கள், அவ்வளவுதான் மாறும். ஒரு படை எப்படிச் சண்டை போட்டது என்பது அதன் பலத்தில் இல்லை, அந்தத் தளபதிக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொரு வழிக்கும் அவன் என்ன விலை கொடுத்தான் என்பதில் இருக்கிறது. உங்கள் விதி அந்த வழிகளைத் திறந்துவிட வேண்டும். எண்ணைக் கூட்டினால் வழி திறக்காது.

கி.மு. 53இல் கார்ஹே போரில் என்ன நடந்தது என்று ஒருமுறை பாருங்கள், தேவையான விதியெல்லாம் அதிலேயே கிடக்கிறது. ரோமானியர் பக்கம் தளபதி கிராசஸ், ஏழு லீஜியன் (லீஜியன் என்றால் சில ஆயிரம் பேர் கொண்ட ரோமானியப் படைப்பிரிவு). எதிரே பார்த்தியத் தளபதி சுரேனா, பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் கணக்குப்படி சுமார் 10,000 குதிரை. அதில் உடம்பெல்லாம் இரும்பு போர்த்திய கவசக் குதிரைப்படை 1,000, மீதிப் பெரும்பாலும் வில்லாளிகள். சுரேனா முதலில் நீண்ட ஈட்டியோடு பாய்ந்து முன்வரிசையைக் கலைக்கத்தான் நினைத்தான். ரோமானிய அணியின் ஆழத்தையும், கேடயத்தோடு கேடயம் கோத்து நின்ற உறுதியையும் பார்த்ததும் பின்வாங்கி, சிதறிப் போவதுபோல் போய், அப்படியே வளைத்துச் சுற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு அம்பு மழை. நெருங்கி நிற்பவர்கள் மேல் குறி பார்க்கவே தேவையில்லை. கையைக் கேடயத்தோடு சேர்த்தும், பாதத்தைத் தரையோடு சேர்த்தும் அம்புகள் தைத்துவிட்டன என்கிறார் புளூட்டார்க். அம்பு தீர்ந்தால் போய்விடுவார்கள் என்று ரோமானியர் பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம்தான் பின்னால் அம்புப் பொதி ஏற்றிய ஒட்டகங்கள் நிற்பதும், வில்லாளிகள் முறை வைத்துப் போய் நிரப்பிக்கொண்டு வருவதும் தெரிந்தது. வேறு வழி இல்லாமல் கிராசஸ் தன் மகன் பப்ளியஸை 1,300 குதிரை, 500 வில்லாளிகள், எட்டு கோஹார்ட் (லீஜியனில் பத்தில் ஒரு பங்கு) காலாட்படையோடு எதிரியை விரட்ட அனுப்பினான். பார்த்தியர் ஓடினார்கள், பப்ளியஸ் துரத்தினான், பிரதான அணியிலிருந்து வெகுதூரம் போனதும் அவர்கள் திரும்பினார்கள். கடைசியில் மகனின் தலை ஈட்டி முனையில் திரும்பி வந்தது.

இதில் எந்த இடத்திலாவது +1 தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. கபடியில் ரெய்டு போகிறவன் தொட்டுவிட்டுத் திரும்பக் கோட்டுக்கு வந்தாக வேண்டும் இல்லையா, பார்த்தியக் குதிரை வில்லாளியின் முழு ஆட்டமும் அதுதான். உங்கள் விதியில் அவன் போகலாம், எய்யலாம், ஆனால் திரும்பி வர வழி இல்லை. அதனால்தான் மூன்றாவது டர்னில் மாட்டிக்கொள்கிறான்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். குதிரை வில்லாளி நகர்வு 24 செ.மீ. என்றால், பாதி நகர்ந்து, எய்து, மீதிப் பாதியில் பின்னோக்கிப் போகலாம். அவன் மேல் யாராவது பாய்ந்தால் நின்று வாங்க வேண்டாம், விலகி ஓடலாம், ஆனால் ஓடுகிற தூரத்தையும் துரத்துகிற தூரத்தையும் பகடை கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டும். பிடிபட்டால் அந்த யூனிட் காலி, இரண்டாவது பேச்சே கிடையாது. இந்தப் பயம் இல்லாவிட்டால் எதிரே ஆடுகிறவருக்குச் சலித்துவிடும், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அம்பு எண்ணிக்கை வையுங்கள். யூனிட்டுக்கு நாலு பாசிமணி, ஒரு தடவை எய்தால் ஒரு மணி போச்சு. ஒட்டகத்துக்கு 10 செ.மீ.க்குள் வந்து ஒரு டர்ன் முழுக்கச் சும்மா நின்றால் நாலும் திரும்பக் கிடைக்கும். இந்த ஒரு விதி மட்டும் போதும், ஆட்டமே மாறிவிடும்: ரோமானியருக்கு ஒட்டகம் ஒரு இலக்காகும், உங்களுக்கு அதைக் காப்பாற்றும் தலைவலி வரும், எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் நிரப்பப் போய்விட்டால் அந்த டர்னில் ரோமானியன் நிம்மதியாக முன்னேறுவான்.

அம்பு ஆளைக் கொல்வதைவிட அணியைக் குலைக்கட்டும். வெற்றிகரமான ஒவ்வொரு எய்தலுக்கும் ஒரு குலைவு மார்க்கர். கவசக் குதிரைப்படை குலையாத காலாட்படை மேல் பாய்ந்தால் சமபலம்தான். இரண்டு மார்க்கர் உள்ள அணி மேல் பாய்ந்தால் +2. இப்போது உங்கள் +2 வந்துவிட்டது பாருங்கள், ஆனால் அதை நீங்கள் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். பாய்ந்து முடித்த பிறகு அந்தக் குதிரைகள் மூச்சு வாங்க ஒரு டர்ன் சும்மா இருக்கட்டும்.

ரோமானியர் பக்கமும் எழுதாமல் விடாதீர்கள். சதுரமாக அணி வகுத்தால் பக்கவாட்டு, பின்புறம் என்ற பலவீனம் போகும், ஆனால் ஒரு டர்னுக்கு 5 செ.மீ.தான் நகரலாம், பாயவே முடியாது. ஒரு பிரிவைத் தனியாக விரட்ட அனுப்பலாம், அது பிரதான அணியிலிருந்து 30 செ.மீ. தாண்டிவிட்டால் அதை அழிப்பவருக்கு இரட்டைப் புள்ளி. கடைசியாக ஒன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது: பத்தாவது டர்னில் இருட்டிவிடும். பார்த்தியர் இரவில் சண்டையைத் தொடரவில்லை, விலகிப் போய்த் தள்ளித் தங்கினார்கள். ஆகவே பத்து டர்ன் தாங்கி, பாதிப் படைக்கு மேல் நின்றால் ரோமானியருக்கு வெற்றி. அவருக்கும் ஒரு நோக்கம் வேண்டும் அல்லவா, சும்மா நின்று அம்பு வாங்குவதற்கு யார் ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு வருவார்கள்?

கேள்வி (நாகர்கோவில் கல்லூரி மாணவி): +1 என்பது சின்ன எண்தானே, அதை ஏன் எல்லோரும் இவ்வளவு திட்டுகிறீர்கள்?

பதில்: சின்ன எண் இல்லை அம்மா. நீங்கள் புள்ளியியல் படிப்பதாக எழுதியிருப்பதால் கணக்காகவே சொல்கிறேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஆறுமுகப் பகடை உருட்டி, அதிகம் விழுந்தவர் வெற்றி என்று வையுங்கள். 36 சாத்தியங்களில் 15 உங்களுக்கு, 15 எதிராளிக்கு, 6 சமன். உங்களுக்கு +1 கொடுத்தால் 21 வெற்றி, 5 சமன், 10 தோல்வி. சரிசமமாக இருந்தது ஒரே அடியில் இரண்டுக்கு ஒன்று ஆகிவிட்டது. +2 என்றால் 26க்கு 6, அதாவது நாலுக்கு ஒன்றையும் தாண்டிவிடும். அதனால் கோயம்புத்தூர் தம்பி "+2 ஆக்கலாமா" என்று கேட்டபோது எனக்குப் பக்கென்றது.

இன்னொரு முறை உண்டு, ஒரு குறிப்பிட்ட எண்ணும் அதற்கு மேலும் விழுந்தால் அடி என்பது. இதில் +1 யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். 6 விழுந்தால்தான் அடி என்று இருப்பவனுக்கு +1 கொடுத்தால் அவன் திறமை இரண்டு மடங்காகிவிடும். 3 விழுந்தாலே அடிக்கும் தேர்ந்த வில்லாளிக்கு அதே +1 கால் மடங்குதான் கூட்டும். அதாவது எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தோம் என்று நினைத்து மோசமான படையைத் தூக்கிவிடுகிறோம். தேர்ந்தவர்களின் நிதானத்தைக் காட்ட வேண்டும் என்றால் தவறிய பகடையை ஒருமுறை மறுபடி உருட்டும் உரிமை கொடுங்கள். 4ம் அதற்கு மேலும் விழுந்தால் அடி என்றால் பாதி வாய்ப்பு முக்கால் ஆகும். அதையும் ஒரு ஆட்டத்துக்கு இத்தனை தடவைதான் என்று கட்டுங்கள். எப்போது செலவழிப்பது என்று யோசிக்கும்போதுதான் அது தளபதியின் வேலையாகிறது.

கேள்வி (திருச்சி வாசகர்): என் நண்பன் மாசிடோனிய ஃபேலங்க்ஸ் (நீண்ட ஈட்டிகளோடு வரிசை வரிசையாக நெருங்கி நிற்கும் காலாட்படை) வைத்திருக்கிறான். நீண்ட ஈட்டிக்குப் போனஸ் கொடுத்ததில் இருந்து அவனை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. போனஸை எடுத்துவிட்டால் அவன் வருத்தப்படுகிறான். என்ன செய்யலாம்?

பதில்: எடுக்காதீர்கள், இன்னும் கூட்டிக் கொடுங்கள். சும்மா சொல்லவில்லை. முன்பக்கமாக மோதினால் ஃபேலங்க்ஸைத் தோற்கடிக்கவே முடியாது என்று விதி எழுதுங்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறார். அவர்களின் சரிசா என்ற ஈட்டியின் நீளம் 14 முழம், ஆறு மீட்டருக்கும் மேல். ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகள் முதல் வரிசைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கும். ரோமானியன் வாள் வீச இடம் வேண்டி அகலமாக நிற்பதால் ஒவ்வொருவனுக்கும் எதிரே பத்து முனை. கி.மு. 168இல் பிட்னாவில் இதை நேரில் பார்த்த ரோமானியக் கான்சல் ஏமிலியஸ் பாலஸ், இதைவிடப் பயங்கரமான எதையும் பார்த்ததில்லை என்று பிற்பாடு ரோமில் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஜெயித்தவர் சொன்னது இது.

அவர் எப்படி ஜெயித்தார் என்றால், ஃபேலங்க்ஸ் முன்னேற முன்னேறத் தரை மேடும் பள்ளமுமாக வந்தது, வரிசையில் அங்கங்கே பிளவு விழுந்தது, சின்னச் சின்னக் குழுக்களாக அந்தப் பிளவுக்குள் புகுந்து குத்துங்கள் என்று ஆணை போட்டார். உள்ளே வந்துவிட்ட வாள்காரன் முன்னால் ஆறு மீட்டர் ஈட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

விதி இதுதான். ஃபேலங்க்ஸ் நகரும் ஒவ்வொரு டர்னிலும் ஒரு பகடை. சமதரையில் 1 விழுந்தால் ஒரு பிளவு மார்க்கர், கரடுமுரடான தரையில் 3 அல்லது அதற்குக் கீழே விழுந்தாலே மார்க்கர். எதிரியைத் துரத்திக்கொண்டு போனால் பகடையே வேண்டாம், நேராக ஒரு மார்க்கர். ஒரு டர்ன் அசையாமல் நின்றால் ஒன்றை எடுத்துவிடலாம். மார்க்கர் இல்லாத ஃபேலங்க்ஸ் முன்பக்கத்தில் சண்டையில் தோற்றாலும் அதைச் சமன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மார்க்கர் உள்ள ஃபேலங்க்ஸை லீஜியன் தொட்டால் பகடையில் தோற்றவுடன் அது முழுசாக உடைந்து ஓடும். உங்கள் நண்பன் இனி வேகமாக வரலாமா, நின்று சீர்செய்து வரலாமா என்று ஒவ்வொரு டர்னிலும் நகம் கடிப்பான். நீங்கள் எப்படியாவது அவனைச் சரிவுப் பக்கம் இழுத்துவர யோசிப்பீர்கள்.

உங்கள் பக்கத்துக்கும் இரண்டு விஷயம். ரோமானியர் மூன்று வரிசையாக நிற்பது அழகுக்கு இல்லை. முன்வரிசை களைத்தால் அடுத்த வரிசை முன்னே வரும். சொந்த டர்னில், பக்கவாட்டில் எதிரி தொடாத நிலையில், முன் யூனிட்டும் பின் யூனிட்டும் இடம் மாறலாம் என்று எழுதுங்கள். மூன்றாவது வரிசையான டிரியாரிகள் எண்ணிக்கையில் பாதிதான், ஒரு லீஜியனில் 600 பேர். முன் இரண்டு வரிசையும் தலா 1,200. விஷயம் டிரியாரிகள் வரைக்கும் போய்விட்டது என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று ரோமில் ஒரு பழமொழியே இருந்தது. அவர்களைக் களத்தில் இறக்கினால் உங்களுக்கு ஒரு வெற்றிப் புள்ளி கழியட்டும்.

இரண்டாவது, கி.மு. 197இல் சைனசெஃபலே. ரோமானிய வலது பக்கம் ஜெயித்துத் துரத்திக்கொண்டு இருக்கும்போது, பெயர்கூடப் பதிவாகாத ஒரு டிரிபியூன் (லீஜியனின் அதிகாரி), மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல் 20 மேனிப்பிள்களை (சிறு காலாட்பிரிவுகளை) திருப்பிக்கொண்டு போய், ஜெயித்துக்கொண்டிருந்த மாசிடோனிய அணியின் முதுகில் விழுந்தார். போர் அங்கேயே முடிந்தது. இதற்கு விதி: ஆட்டத்துக்கு ஒரே ஒருமுறை, தளபதியின் ஆணை எல்லைக்கு வெளியே இருந்தாலும் ஒரு ரோமானியப் பிரிவு திரும்பி நகரலாம். மாசிடோனியனுக்கு இது கிடையாது. சண்டை முறையின் வித்தியாசம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி (சென்னை வாசகர்): மங்கோலியர்களுக்குப் போலிப் பின்வாங்கல் விதி எழுதினேன். ஆனால் எதிராளிக்கும் அந்த விதி தெரியும். நான் ஓடினால் "போடா, நடிக்கிறே" என்று சிரித்துக்கொண்டே நின்றுவிடுகிறான். இதற்கு மருந்து உண்டா?

பதில்: உண்மையில் கஷ்டமான கேள்வி. மேஜையைச் சுற்றி நிற்கிற நமக்கு எல்லாம் தெரிகிறது, களத்தில் நின்றவனுக்கு எதிரே புழுதிதான் தெரிந்தது. 1223இல் மங்கோலியத் தளபதிகள் ஜெபேயும் சுபுதாயும் ருஷ்ய இளவரசர்களையும் கிப்சாக் நாடோடிகளையும் ஒரு வாரத்துக்கு மேல் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போய்க் கால்கா ஆற்றங்கரையில் திரும்பி அடித்தார்கள். ருஷ்யர்கள் முட்டாள்கள் இல்லை. எதிரி ஓடும்போது துரத்தாமல் விட்டால் கொள்ளையும் பெயரும் பக்கத்து இளவரசனுக்குப் போய்விடும். கீவ் இளவரசனும் காலிச் இளவரசனும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியாகத்தான் முடிவெடுத்தார்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பின்வாங்கும்போது ஒரு சீட்டில் "நிஜம்" அல்லது "நடிப்பு" என்று எழுதிக் கவிழ்த்து வையுங்கள். நடிப்பு என்றால் அடுத்த டர்னில் சீட்டைத் திருப்பி முழு பலத்தோடு திரும்பலாம். நிஜம் என்றால் அந்த யூனிட் உண்மையிலேயே களைத்துப்போனது, இரண்டு டர்ன் துரத்தப்படாமல் இருந்தால்தான் பழைய நிலைக்கு வரும், துரத்தினால் செத்தது. இப்போது சிரித்துக்கொண்டு நிற்பவனுக்கும் நஷ்டம் உண்டு. அப்புறம் எதிர்ப்பக்கத்தை ஒரே ஆள் ஆடாமல் இரண்டு பேர் ஆடட்டும், வெற்றிப் புள்ளி தனித்தனி. கால்காவில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கும், நான் பொறுப்பில்லை.

இரண்டாவது வழி நடுவர். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி விளையாட்டிலேயே நடுவர் உண்டு. இரண்டு பக்கமும் எழுதிக் கொடுக்கும் ஆணையை அவர் வாங்கி, யாருக்கு எது தெரியுமோ அதை மட்டும் வரைபடத்தில் வைப்பார். மூன்றாவது ஆள் கிடைத்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்து நடுவர் வேலை பார்க்க யாரும் லேசில் ஒத்துக்கொள்வதில்லை, பிரியாணி வாங்கித் தர வேண்டியிருக்கும்.

கேள்வி (மதுரை வாசகர்): சிலுவைப்போர் ஆட்டத்தில் என் நைட் வீரர்கள் (கவசம் அணிந்த ஐரோப்பியக் குதிரைவீரர்கள்) பகடையில் 1 விழுந்தால் ஆணையில்லாமல் தாமாகவே பாய்ந்துவிட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. சொல்பேச்சுக் கேட்காத படையை ஆடுவதற்கு நான் எதற்கு?

பதில்: உங்கள் கோபம் நியாயம். விதி சொல்லவரும் விஷயம் சரி, சொல்லும் விதம்தான் மோசம். 1191 செப்டம்பர் 7, ஆர்சுஃப். இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் கடலை ஒட்டிப் படையை நடத்திக்கொண்டு போகிறார், நைட்டுகள் உள்ளே, குறுக்குவில்காரர்கள் வெளியே அரணாக. எதிர்ப்பக்கச் சுல்தான் சலாஹுதீனின் வில்லாளிகள் நாள் முழுக்கப் பின்னால் வரும் அணியைக் குறிவைத்து எய்கிறார்கள். அம்பு தைத்த கவசத்தோடு காலாட்படை தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது என்று சலாஹுதீன் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியவரே வியக்கிறார். ஆனால் அந்தப் பின் அணியில் இருந்த ஹாஸ்பிட்டலர்கள் என்ற துறவி நைட்டுகளின் குதிரைகள் செத்துக்கொண்டே இருந்தன. பாய அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை, மறுபடி கேட்டார்கள். கடைசியில் அவர்களின் மார்ஷலும் இன்னொரு நைட்டும் ஆணைக்கு முன்பே பாய்ந்துவிட்டார்கள், பின்னாலேயே எல்லோரும். ரிச்சர்ட் செய்தது என்ன? மொத்தப் படையையும் அவர்களுக்கு ஆதரவாகப் பாயவிட்டார், அப்புறம் ரொம்ப தூரம் போகாமல் இழுத்துப் பிடித்தும் நிறுத்தினார்.

ஆக அவர்கள் பாய்ந்தது எங்கிருந்தோ விழுந்த 1 காரணமாக இல்லை, பொறுமை தேய்ந்து தேய்ந்து போய்த்தான். அம்பு படும் ஒவ்வொரு டர்னுக்கும் நைட் யூனிட்டுக்கு ஒரு கோப மார்க்கர் வையுங்கள். மூன்று சேர்ந்தால் ஒவ்வொரு டர்னும் பகடை. விழும் எண் மார்க்கர் எண்ணிக்கையோ அதற்குக் கீழோ என்றால் பாய்ந்துவிடும். பாயும்போது மார்க்கர் ஒவ்வொன்றும் முதல் மோதலில் ஒரு கூடுதல் பகடை. அதாவது நீங்கள் சீக்கிரம் விட்டால் கட்டுப்பாடு உங்கள் கையில், அடி குறைவு. காத்திருந்தால் அடி பயங்கரம், ஆனால் எப்போது என்பது உங்கள் கையில் இல்லாமல் போகலாம். தளபதி பொம்மை பக்கத்தில் நின்றால் ஒரு மார்க்கரைக் குறைக்கலாம், ஆனால் அந்த டர்னில் அவர் வேறெங்கும் ஆணை கொடுக்க முடியாது. இப்போது நீங்கள் எதற்கு என்று தெரிகிறதா?

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): யானைப்படைக்கு நல்ல விதி ஒன்று சொல்லுங்கள். எல்லா விதிப் புத்தகத்திலும் யானை ஒரு பெரிய குதிரையாகவே இருக்கிறது.

பதில்: ஆயிரம் யானை கொன்றவனுக்கே பரணி என்று இலக்கணம் வகுத்த மொழிக்காரர்கள் நாம், நமக்கு இந்த மனக்குறை வரத்தான் செய்யும். கி.மு. 326இல் ஜீலம் கரையில் போரஸ் யானைகளை முன்னால் நிறுத்தினார், ஒவ்வொன்றுக்கும் நடுவே 100 அடியாவது இடைவெளி விட்டு, பின்னால் காலாட்படை. யானைக்குப் பழகாத குதிரை கிட்டே வராது என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது, அதனால்தான் அலெக்சாண்டர் குதிரையைப் பக்கவாட்டில் கொண்டுபோனார். ஆனால் நெருக்கத்தில் மாட்டி, பாகனை இழந்து, காயம்பட்ட யானைகள் நம்மவன் எதிரி என்று பார்க்காமல் மிதித்தன.

யானை யூனிட்டைச் சுற்றி 8 செ.மீ. வட்டம், பழகாத குதிரை உள்ளே நுழைய முடியாது. அதனால் யானையின் முதல் வேலை சண்டை போடுவதைவிட இடம் அடைப்பது. காயம்பட்டால் மேஜையில் இருந்து எடுக்காதீர்கள். திசைப் பகடை உருட்டி, அது காட்டும் பக்கம் ஓடவிடுங்கள், வழியில் யார் இருந்தாலும் அடி. அப்புறம் உரிமையாளருக்கு ஒரு கொடுமையான வழியும் உண்டு: கி.மு. 207 மெட்டாரஸ் போரில் கார்த்தேஜ் பாகர்களிடம் உளியும் சுத்தியலும் இருந்தன, யானை வெறிபிடித்துத் தன் படை மேல் திரும்பினால் பிடரியில் அடித்துக் கொன்றுவிடுவதற்கு என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். திசைப் பகடை உருட்டுவதற்கு முன் "உளி" என்று சொன்னால் யானை அங்கேயே விழும், புள்ளி எதிரிக்கு. சொல்ல மனசு வராமல் உருட்டிப் பார்ப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் ஸாமா போரில் ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ செய்ததுபோல் அணிகளுக்கு நடுவே சந்து விட்டு நிற்க அனுமதி கொடுங்கள், கி.மு. 202இல் கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் 80 யானைகளில் பல அந்தச் சந்துகளில் புகுந்து வீணாய்ப் போயின. ஆனால் சந்து விட்டு நிற்கிற அணி அந்த டர்னில் காலாட்படை மோதலில் பலவீனம்.

கேள்வி (சேலம் வாசகர்): ஒவ்வொரு யூனிட்டுக்கும் இப்படிச் சிறப்பு விதி எழுதினால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பதில்: இருக்காது. ஒரு படைக்கு மூன்று, ரொம்பப் போனால் நாலு. அதற்கு மேல் போனால் நீங்களே மறந்து, ஆட்டம் முடிந்து தட்டு கழுவும்போது ஞாபகம் வரும். 2011இல் வந்த சாகா விளையாட்டில் ஒவ்வொரு படைக்கும் ஒரு அட்டை. விழுந்த பகடைகளை அந்த அட்டையில் எந்தக் கட்டத்தில் வைக்கிறோமோ அந்தத் திறன் கிடைக்கும். படையின் குணம் முழுக்க ஒரே பக்கத்தில் கண் முன்னால். நல்ல யோசனை, நீங்களும் ஒரு பக்கத் தாளில் அடங்காத விதியை வெட்டுங்கள். எதை வெட்டுவது என்று குழம்பினால், "இந்த விதி இல்லாவிட்டால் நான் வேறு மாதிரி ஆடுவேனா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் போகட்டும்.

கேள்வி (கோயம்புத்தூர், முதல் கேள்வி கேட்டவரின் நண்பர்): அவன் படைக்கு அவனே விதி எழுதுகிறான், நாங்கள் எப்படி நம்புவது?

பதில்: எழுதினவர் எதிர்ப்படையை ஆடட்டும். பார்த்திய விதியைப் பார்த்தியர் எழுதினால், முதல் இரண்டு ஆட்டத்திலும் அவருக்கு ரோம். தன் அம்பைத் தானே வாங்கும்போது எது அதிகப்படி என்று அவருக்கே தெரிந்துவிடும், நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அப்புறம் ஒரு ஆட்டத்துக்கு ஒரு விதிதான் மாற்றலாம். நாலு விதியை ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): இதெல்லாம் ஆட எனக்கும் ஆசை. பொம்மை விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பதில்: பொம்மை வேண்டாம், கெட்டி அட்டையை 4 செ.மீ. அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 1990இல் வந்த டி.பி.ஏ. என்ற விதிமுறையில் ஒரு படைக்கு மொத்தமே 12 துண்டுதான், டர்னுக்கு ஒரு பகடை உருட்டி விழும் எண் எத்தனையோ அத்தனை நகர்வுகள்தான். அட்டையில் "வில் குதிரை", "கவசக் குதிரை", "லீஜியன்" என்று பேனாவில் எழுதி, முன்பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டால் ஆட்டத்துக்குப் போதும். குன்றுக்குப் பழைய புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து அதன் மேல் ஒரு துண்டைப் போடுங்கள். ஒட்டகத்துக்கு மட்டும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொம்மை வாங்கிவிடுங்கள், திருவிழாக் கடையிலேயே கிடைக்கும்.